சாப்பாட்டுக்கு விலை உண்டு, மெசினுக்கு இல்லை: ஒரு சிட்னி கிளப் பற்றி

வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில், ரூங்காபி பக்கம் குடியிருக்கிற எங்கள் சனத்துக்குக் கிளப் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பிறந்தநாள், ஓய்வுபெற்ற விருந்து, ஊரிலிருந்து வந்தவரைக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைப்பது, எல்லாம் அங்கேதான். நான் எழுதப்போகும் கிளப்பும் அப்படி ஒன்று. பெயரைச் சொல்லவில்லை. எங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் எந்தக் கிளப்புக்குள் போனாலும் சாப்பாட்டுப் பக்கத்துக்கு அருகில் இதே சூதாட்டக் கூடம், காசு போட்டுப் பொத்தானை அழுத்தி ஆடும் இதே மாதிரி மெசின்கள் இருக்கும்போது, ஒரு இடத்தின் பெயரை மட்டும் இழுப்பது நியாயமில்லை.

சாப்பாட்டை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஞாயிறு மதியம் ஆட்டிறைச்சி ரோஸ்ட், பூசணி, உருளைக்கிழங்கு, மேலே ஊற்றக் கிரேவி. முதியோருக்கு அவர்கள் வைத்திருக்கும் விலையில் வெளியே எந்தக் கடையிலும் இப்படி ஒரு தட்டு கிடைக்காது. சிக்கன் ஷ்னிட்சல் நல்ல மொறுமொறுப்பு. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்குத் தெரிவு குறைவுதான். பரிமாறும் பிள்ளைகள் தங்கமானவர்கள். தடி ஊன்றி வருகிறவர்களைக் கண்டால் ஓடிவந்து கதிரையை இழுத்துக் கொடுப்பார்கள். வாகனம் நிறுத்தக் காசு இல்லை.

இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? அங்கத்தவர்களுக்கு வரும் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். வருமானத்தின் பெரும்பங்கு மெசின்களிலிருந்து வருகிறது. எங்கள் தட்டில் இருக்கும் இறைச்சிக்குப் பக்கத்துக் கூடத்தில் இருக்கிறவரும் சேர்ந்துதான் காசு கட்டுகிறார். அதனால் ரோஸ்டைப் புகழ்ந்துவிட்டு, அந்தக் கூடத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

கூடத்துக்கு யன்னல் இல்லை. முன்பு வெளியே வீதியில் போகிறவருக்கும் தெரியும்படி கூடத்துக்குப் பெரிய விளம்பரப் பலகைகள் இருந்தன. 2023 செப்டெம்பரிலிருந்து அப்படி வைக்கத் தடை. காசு எடுக்கும் இயந்திரம் கூடத்துக்குள் இருக்கக்கூடாது என்று சட்டம், அதனால் அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. சட்டம் சொல்கிறபடி சுவரில் மணிக்கூடும் உண்டு. ஒரு அறிவிப்பும் உண்டு: மெசினின் உச்சப் பரிசு கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகப் பத்து இலட்சத்தில் ஒன்றைவிட நல்லதாக இராது என்று. அந்த அறிவிப்பை நின்று வாசிக்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்திலும் பிறகு இங்கேயும் கணக்குப் படிப்பித்தவள் நான். அந்தப் பத்து இலட்சத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து விநாடிக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தினால் மணித்தியாலத்துக்கு 720 சுற்று. பத்து இலட்சம் சுற்று ஆட ஏறக்குறைய 1,390 மணித்தியாலம் வேண்டும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரு வருடம். அப்படி இருந்தாலும் விழும் என்ற நிச்சயம் இல்லை. பத்து இலட்சத்தில் ஒன்று என்கிற வாய்ப்பில் பத்து இலட்சம் தடவை முயன்றாலும், ஒருமுறைகூட விழாமல் போக நூற்றுக்கு 37 பங்கு இடம் இருக்கிறது.

ஆனால் உச்சப் பரிசைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விலை. மெசினுக்கும் ஒரு விலை இருக்கிறது. சாப்பாட்டு மெனுவில் ரோஸ்ட் இத்தனை டொலர், தேநீர் இத்தனை டொலர் என்று எழுதியிருக்கிறது. கூடத்தில், இந்தக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் சராசரியாக இத்தனை டொலர் போகும் என்று எந்த மெசினின் முகப்பிலும் எழுதியில்லை. கணக்குப் போட்டால் தெரியக்கூடிய விலைதான். போடுகிறவர்கள் குறைவு.

எனக்கு மூத்த சிநேகிதி ஒருவர், சந்திரா அக்கா. சாப்பிட்டு முடித்ததும் மெல்ல எழும்பி அந்தப் பக்கம் போவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "நூறு டொலர் போட்டால் தொண்ணூறு திருப்பித் தரவேணும் எண்டு சட்டம் இருக்காம். பத்து டொலர்தானே போகும், ரெண்டு கோப்பிக் காசு."

"அக்கா, அந்தத் தொண்ணூறு நீங்கள் உள்ளே விடுற நோட்டுக்கு இல்லை. ஒவ்வொரு அமத்தலுக்கும்" என்றேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. மெசின் திருப்பிக் கொடுக்கும் விகிதத்தை ஆர்டிபி என்பார்கள். இந்த மாநிலத்தில் அது 85 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, விக்டோரியாவில் 87. நடைமுறையில் பல மெசின்கள் 90-ஐ ஒட்டி இருக்கும். அந்த 90 சதவீதம் பந்தயம் கட்டும் மொத்தத் தொகைக்கு. மெசினில் காசைப் போட்டவர் ஒருமுறை ஆடிவிட்டு எழும்புவதில்லை. வருவதை எடுத்து மறுபடி கட்டுவார், அதில் வருவதை மறுபடியும் கட்டுவார். நூறு டொலரை முழுதும் ஒருமுறை கட்டி முடிக்கும்போது சராசரியாக 90 மிஞ்சும். அந்த 90-ஐக் கட்டி முடிக்க 81. பிறகு 72.90. இப்படிப் பத்தாவது தடவை கட்டி முடிய 35 டொலரும் இல்லை. இருபத்திரண்டாவது முடிய 10 டொலரும் இல்லை. 90 சதவீதம் என்ற எண் ஓரிடத்திலும் பொய் சொல்லவில்லை. நோட்டு முழுதும் போவதற்கும் அந்த எண்ணுக்கும் ஒரு முரணும் இல்லை.

சரி, விலைக்கு வருவோம். ஒரு சுற்றுக்குக் கட்டும் காசை மணித்தியாலத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்குங்கள். அதில் திரும்பாத பங்கை எடுங்கள். இங்கே பெரும்பாலும் ஒரு சத மெசின்கள். ஒரு சதம் என்றால் ஒரு சதம்தானே என்று தோன்றும். ஆனால் திரையில் குறியீடுகள் வரிசையாக விழுந்தால் பரிசு தரும் கோடுகள் பல உண்டு, ஐம்பது கோடுகளுக்கும் ஒவ்வொரு சதம் கட்டினால் சுற்றுக்கு 50 சதம். மணித்தியாலத்துக்கு 720 சுற்று என்றால் 360 டொலர் புரள்கிறது. பத்து சதவீதம் போனால் 36 டொலர். அதே மெசினில் கோட்டுக்கு ஐந்து மடங்கு பொத்தானை அழுத்தினால் சுற்றுக்கு 2.50 டொலர், மணித்தியாலத்துக்கு 180. விகிதம் 85 சதவீதமாக இருந்தால் அதுவே 270. ஒரே கதிரை, ஒரே படம், ஒரே பாட்டு. பொத்தான் மட்டும்தான் வேறு. ரோஸ்டின் விலை ஐந்து மடங்கு ஏறினால் எங்கள் சனம் முகாமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கும்.

இன்னொன்று. ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில் வரும் ஆட்டத்தைக் கம்பனிகள் வெவ்வேறு ஆர்டிபி விகிதங்களில் விற்கின்றன. அனுமதிபெற்ற வகைகளில் எது வேண்டும் என்று வாங்குகிற இடம் தெரிவு செய்யும். பக்கத்து ஊர் கிளப்பில் இருக்கும் அதே ஆட்டம் அங்கே வேறு விலையாக இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

சராசரி என்று சொன்னேனே, அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மெசின்களை எடுங்கள், இரண்டிலும் சுற்றுக்கு ஒரு டொலர். ஒன்று பத்துச் சுற்றில் ஒருமுறை 9 டொலர் தரும். மற்றது ஆயிரம் சுற்றில் ஒருமுறை 900 டொலர் தரும். இரண்டுக்கும் ஆர்டிபி 90 சதவீதம். ஆனால் இரண்டாவது மெசினில் 500 சுற்று ஆடுகிற நூறு பேரில் அறுபது பேருக்கு ஒரு சதமும் திரும்பாது. மிச்சமுள்ள நாற்பது பேருக்குப் போவதுதான் அந்த 90 சதவீதம். உண்மையான மெசின்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இலவசச் சுற்று, ஜக்பொட் எல்லாம் அந்த விகிதத்துக்குள் அடக்கம், அதனால் அவை கிடைக்காத நாளில் ஆடுகிறவர் காண்பது 90-ஐவிட நன்றாகவே குறைந்த ஒரு மெசின். சட்டம் சொல்லும் விகிதம் மிகப் பெரிய எண்ணிக்கைச் சுற்றுகளுக்குப் பொருந்தும். ஒரு ஞாயிறு பின்னேரத்துக்கு அது ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

"இண்டைக்கு முழுக்க இது ஒண்டும் தரேல்ல, இனித் தரத்தான் வேணும்" என்று கூடத்தில் அடிக்கடி கேட்கலாம். மெசினுக்கு அப்படி ஒரு ஞாபகம் கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு கணினிச் சிப் யாரும் ஆடாதபோதும் எண்களை உருட்டிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை அழுத்திய கணத்தில் எந்த எண் பிடிபட்டதோ அதுதான் முடிவு. திரையில் குறியீடுகளோடு உருளைகள் சுழல்வதெல்லாம் முடிந்துபோன ஒன்றைக் காட்டும் படம். சுழலும்போது மறுபடி தட்டி நிறுத்துவதால் ஒன்றும் மாறாது. அங்கத்தவர் அட்டையைப் போட்டால் குறையத் தரும், காலையில் கூடத் தரும் என்பவையும் அதே ரகம். தான் எழும்பிய கதிரையில் அடுத்தவருக்கு விழுந்துவிட்டது என்று நெஞ்சில் அடித்துக்கொள்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: நீங்கள் இருந்திருந்தால் அதே கணத்தில் அழுத்தியிருக்க மாட்டீர்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் சத்தம். சந்திரா அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து நானும் 50 சதம் கட்டி அழுத்தினேன். கோடுகள் மின்னின, மணி அடித்தது, எண்கள் ஏறின: 20. அக்கா என் தோளைத் தட்டி, "பார், விழுந்திட்டுது!" என்றார். கட்டியது 50 சதம், வந்தது 20 சதம். முப்பது சதம் போயிருக்கிறது. அதை மெசின் வெற்றியாகக் கொண்டாடுகிறது. பல கோடுகளுக்குப் பந்தயம் கட்டுகிற மெசினில் இது அடிக்கடி நடக்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆடுகிறவர்களின் தோலில் வியர்வை மாற்றத்தை அளந்து பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். இப்படி வெற்றி வேடம் போட்ட தோல்விக்கும் உண்மையான வெற்றிக்கும் உடம்பு ஏறக்குறைய ஒரேமாதிரிக் கிளர்ச்சி காட்டியது. வெறும் தோல்விக்கு அப்படி இல்லை. பிரிட்டனில் இணையத்தில் ஆடும் இதே ரக ஸ்லொட் ஆட்டங்களில் தோல்வியை வெற்றிபோலக் கொண்டாடுவதை 2021-இல் தடை செய்துவிட்டார்கள். இணையத்தில் நிறுத்த முடிந்ததைக் கூடத்திலும் நிறுத்தலாம்.

டொல்பின் ட்ரெஷர் என்ற மெசினைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு மெசினின் உட்கணக்கு நீதிமன்றம்வரை போய் வெளியே வந்த அரிய சந்தர்ப்பம் அது. செய்தது அரிஸ்ரோக்ராட் கம்பனி. லென் ஐன்ஸ்வேர்த் என்பவர் பல் வைத்தியக் கருவிகள் செய்த குடும்பத் தொழிலிலிருந்து வந்து 1953-இல் தொடங்கியது, இன்று உலகின் மிகப் பெரிய மெசின் கம்பனிகளில் ஒன்று. முன்பு அந்த மெசினில் ஆடிய ஒரு பெண், கம்பனிமீதும் மெல்பேர்ண் கிரவுண் கசினோமீதும் வழக்குப் போட்டார். ஐந்து உருளைகளில் முதல் நான்கிலும் 30 குறியீடுகள் வீதம், ஐந்தாவதில் 44. திரையில் ஒவ்வொரு உருளையிலும் மூன்று குறியீடுகள்தான் தெரியும், அதனால் ஐந்தும் ஒரே அளவு என்றுதான் யாரும் நினைப்பார்கள், இது ஏமாற்று என்பது வாதம். 2018 பெப்ரவரியில் நீதிபதி டெப்ரா மோர்ட்டிமர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். சட்டம் மீறப்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை. மெசின் அனுமதிபெற்ற மெசின்.

தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐந்து உருளையும் 30 என்றால் மொத்தச் சேர்க்கைகள் 2 கோடியே 43 இலட்சம். கடைசி உருளை 44 என்றால் 3 கோடியே 56 இலட்சத்து 40 ஆயிரம். உருளைக்கு ஒருமுறை மட்டுமே வரும் ஒரு குறியீட்டை நினைத்துப் பாருங்கள். முதல் நான்கும் வரிசையில் வந்து நிற்கும்போது, ஐந்தாவதும் வர முப்பதில் ஒரு வாய்ப்பு என்று கண் நம்புகிறது. இருப்பது நாற்பத்து நான்கில் ஒன்று. "கடைசியில தட்டுப்பட்டிட்டுது" என்று அந்தக் கூடத்தில் சொல்கிற பேச்சுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். 1890-களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் ஃபே செய்த மூன்று உருளை இரும்புப் பெட்டியில் ஒருவர் பொறுமையாக இருந்து உருளைகளை எண்ணியிருக்க முடியும். இன்றைய மெசினில் எண்ண ஒன்றும் இல்லை. ஆடுகிறவருக்கு எழுதிக் காட்டினால்தான் தெரியும்.

ஜக்பொட் பலகையில் ஏறிக்கொண்டே போகும் தொகையைப் பற்றிச் சுருக்கமாக. அது கிளப் தரும் கொடை கிடையாது. இணைக்கப்பட்ட மெசின்களில் கட்டும் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு துளி அங்கே போகிறது. இத்தனை டொலருக்குள் கட்டாயம் விழும் என்று உச்சவரம்பு எழுதிய ஜக்பொட்டுகள் உண்டு. அவை வரம்பை நெருங்கும்போது வழமையைவிட வாய்ப்பு கொஞ்சம் நல்லதுதான், இதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அதை அறிந்த எல்லோரும் வந்து இருந்துவிடுவார்கள், விழுவது ஒருவருக்கு.

1956-இல் இந்த மாநிலத்துக் கிளப்புகளுக்கு மெசின்களை அனுமதித்தார்கள். 1997-இல் பப் எனப்படும் மதுச்சாலைகளுக்கும். இப்போது சுமார் 87,000 இருக்கின்றன. மேற்கு அவுஸ்திரேலியாவில் பேர்த் கசினோவைத் தவிர வேறெங்கும் கிடையாது, அங்கேயும் கிளப்புகள் நடக்கின்றன, சனம் போய்ச் சாப்பிடுகிறது. 2010-இல் மத்திய அரசின் ப்ரொடக்டிவிட்டி கொமிசன் ஒரு சுற்றின் உச்சப் பந்தயத்தை ஒரு டொலராக்கச் சொன்னது. அப்படிச் செய்தால் மணித்தியால இழப்பு சராசரியாக 120 டொலரளவில் நிற்கும். மெசின்களில் போகும் காசில் 40 சதவீதமளவு சூதாட்டத்தால் பெரும் சிக்கலில் இருப்பவர்களிடமிருந்து வருகிறது என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது. இங்கே உச்சப் பந்தயம் இன்றும் 10 டொலர். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று, 90 சதவீத மெசின் என்றால், மணித்தியாலத்துக்கு 1,200 டொலர்.

அந்த 40 சதவீதத்தை வாசித்த பிறகு மலிவான ரோஸ்ட் என் தொண்டையில் அவ்வளவு இலகுவாக இறங்குவதில்லை. சந்திரா அக்காவுக்கு நான் ஒரு சின்னக் கடதாசியில் 36, 180, 270 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் போவதை நிறுத்தவில்லை. ஆனால் ஐந்து மடங்குப் பொத்தானை இப்போது தொடுவதில்லை. முப்பது டொலரை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, கைப்பையை என்னிடம் தந்துவிட்டுப் போகிறார். அது அவருடைய காசு, அவருடைய பின்னேரம். விலை தெரிந்து வாங்குகிறார்.

கிளப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்: ஒவ்வொரு பந்தய அளவுக்கும் மணித்தியாலச் சராசரி இழப்பை மெசினின் முகப்பில், மெனுவில் இருக்கும் அளவு எழுத்தில் போடுங்கள் என்று. நன்றி சொல்லிப் பதில் வந்தது, வேறு ஒன்றும் இல்லை. அங்கத்தவர்களாக இருக்கிற எங்கள் ஆட்கள் வருடாந்தக் கூட்டத்துக்குப் போய் இதைக் கேட்க வேண்டும். எங்களுக்கும் வாக்கு இருக்கிறது.

சாப்பாட்டுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம். பிள்ளைகளின் உபசரிப்புக்கு ஐந்து. கூடத்துக்கு, விலையை எழுதும்வரை, ஒன்றும் தரமாட்டேன்.

குடும்பத்தோடு போகிறவர்கள் தோட்டப் பக்கத்து மேசையைக் கேளுங்கள். வாகனத் தரிப்பிடத்துப் பக்கவாசலால் வந்தால் கூடத்தைக் கடக்காமலே போய் இருக்கலாம். வீட்டில் யாருக்காவது கைமீறிப் போகிறது என்றால், 1800 858 858 என்ற சூதாட்ட உதவி இலக்கத்துக்கு இரவுபகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்; ஆடுகிறவர்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, வீட்டாரும் பேசலாம். தன்னை உள்ளே விடவேண்டாம் என்று ஒருவர் தானே கிளப்பில் எழுதிக் கொடுக்கவும் முடியும். வரவேற்பு மேசையில் கேட்டால் அதற்கான படிவத்தைத் தருவார்கள்.